ஆபத்து வேளையில் கட்டடத்தின் குரலும் செவியும்

1997 ஜூன் 13, டெல்லி கிரீன் பார்க்கில் இருந்த உப்ஹார் திரையரங்கு. 'பார்டர்' படம் வெளியான நாள், பிற்பகல் காட்சி. கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டியிருந்த மின்மாற்றி தீப்பிடித்தது. புகை படிக்கட்டு வழியாகவும் குளிர்சாதனக் குழாய்கள் வழியாகவும் பால்கனிக்கு ஏறியது. படம் ஓடிக்கொண்டே இருந்தது. 59 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பால்கனியில் மூச்சுத் திணறி மாண்டவர்கள். அடைபட்ட வழி, திறக்காத கதவு, கூடுதலாகப் போட்ட இருக்கைகள் எல்லாம் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் பேசப்பட்டன. அரங்கு நிறைய ஒலிபெருக்கிகள் இருந்தும், 'எழுந்து வெளியே போங்கள்' என்ற ஓர் அறிவிப்புகூட அவற்றில் வரவில்லை என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

அதற்கு 20 ஆண்டுகள் முன்பு, 1977 மே 28 அன்று, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சவுத்கேட் என்ற ஊரில் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் எரிந்தது. அங்கே தீ அறிவிப்பு மணியே கிடையாது. பெரிய அரங்கில் மேடை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையைத் துடைக்கும் வேலையில் இருந்த 18 வயதுப் பையன் ஒருவன் மேடையேறி மைக்கை வாங்கினான். வாசல்கள் எந்தப் பக்கம் என்று கைகாட்டி, கட்டடத்தில் தீ, எல்லோரும் வெளியேறுங்கள் என்றான். 165 பேர் இறந்த விபத்து அது. அந்த அறிவிப்பால் தப்பியவர்கள் நூற்றுக்கணக்கில் என்பது பதிவான செய்தி.

ஆபத்து வந்தால் ஒரு கட்டடம் உள்ளே இருப்பவர்களிடம் எப்படிப் பேச வேண்டும்? உள்ளே சிக்கியவர் சொல்வது எப்படி வெளியே வந்து சேர வேண்டும்? இரண்டு மாடிக் கடைக்கும் பத்தாயிரம் பேர் வேலை செய்யும் ஐ.டி. வளாகத்துக்கும் பொருந்தும்படி அந்த ஏற்பாடு எப்படி வளர வேண்டும்? அவசரகாலக் குரல்தொடர்பு என்று பொறியாளர்கள் சொல்லும் துறை முழுவதும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். அலசியதில் எனக்குப் பட்டதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேசும் பாதி நன்றாகவே வளர்ந்துவிட்டது. கேட்கும் பாதி வளரவில்லை, நம் ஊரில் தொடங்கவேயில்லை என்றுகூடச் சொல்லலாம். கட்டடம் உயர உயர அதிக உயிர்கள் போவது இந்த இரண்டாம் பாதியில்தான்.

மணியும் சொல்லும்

மணி அடித்தால் மக்கள் ஓடுவார்கள் என்று நம்பித்தான் உலகம் முழுக்க மணிகளை மாட்டினார்கள். மணி அடித்ததும் நாம் உண்மையில் செய்வது, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பது. 'டெஸ்ட் பண்றாங்க போல' என்று யாராவது சொல்வார். தட்டில் இருப்பதைச் சாப்பிட்டு முடிப்போம், திறந்திருக்கும் ஃபைலைச் சேமிப்போம். இதை மடமை என்று ஒதுக்க முடியாது. மணி எதையும் சொல்வதில்லை. எங்கே, என்ன, எந்தப் பக்கம் போவது என்ற மூன்றுமே அதில் இல்லை.

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலத்தடி நிலையத்தில் 1987 நவம்பர் 18 அன்று 31 பேரைப் பலிகொண்ட தீ, பிரிட்டனில் இந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தது. அதற்குப் பிறகு கிலேன் ப்ரூ, ஜொனதன் சைம் என்ற இரு ஆய்வாளர்கள் நியூகாசிலின் மான்யுமென்ட் மெட்ரோ நிலையத்தில் ஒரு சோதனை நடத்தி 1991இல் வெளியிட்டார்கள். ஒரே நிலையம், ஐந்து ஒத்திகைகள். ஒன்றில் மணி மட்டும். மற்றவற்றில் ஊழியர்கள், ஒலிபெருக்கி அறிவிப்பு, இரண்டும் சேர்ந்தது என மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மணி மட்டும் அடித்தபோது ஏறத்தாழ 15 நிமிடம் ஆகியும் நிலையம் காலியாகவில்லை. நடைமேடையில் இருந்தவர்கள் ரயிலுக்குக் காத்து நின்றார்கள். என்ன நடக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று கேமராவில் பார்த்தபடியே ஒருவர் நேரடியாகச் சொன்ன ஒத்திகையில் அதில் பாதிக்கும் குறைவான நேரமே பிடித்தது.

சைம் இன்னொன்றையும் தொடர்ந்து எழுதிவந்தார். 'தீ என்று சொன்னால் ஜனங்கள் பீதியடைந்து மிதித்துக்கொள்வார்கள்' என்ற அச்சத்துக்குச் சான்று மிகக் குறைவு, சொல்லாமல் தாமதிப்பதால் போகும் உயிர்களே அதிகம் என்பது அவர் வாதம். நம் ஊர் நிர்வாகிகளிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜவுளிக்கடையானாலும் மண்டபமானாலும் 'கூட்டத்தைக் கலவரப்படுத்த வேண்டாம்' என்ற எண்ணம்தான் முதலில் எழுகிறது. அந்த எண்ணத்தில் முதல் ஐந்து நிமிடம் போய்விடும். பிழைக்கும் வாய்ப்பு அதிகமாக இருப்பதும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

உரக்க வேண்டுமா, தெளிவாக வேண்டுமா

சொல் என்று முடிவானபின், அது காதில் விழ வேண்டும், விழுந்தது புரியவும் வேண்டும். பெரும்பாலான அமைப்புகள் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. பிரிட்டன் விதிகள் பொதுவாக 65 டெசிபெல் கேட்கின்றன. தூங்குகிறவரை எழுப்ப வேண்டிய இடத்தில் தலைமாட்டில் 75. அதை எட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று ஒப்பந்ததாரர் கையெழுத்து வாங்கிவிடுவார்.

ஒலி கூடினால் தெளிவு கூடும் என்பது கட்டடத்துக்குள் பலிக்காது. கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், சிமெண்ட் கூரை உள்ள ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லி நிறுத்திய பிறகும் ஒலி இரண்டு விநாடி, சில இடங்களில் அதற்கு மேலும், அலைந்துகொண்டிருக்கும். அதற்குள் அடுத்த ஐந்தாறு அசைகள் வந்துவிடும். முந்தைய சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழுகிறது. ஒலியைக் கூட்டினால் வாலும் சேர்ந்தே கூடும்.

இதை அளக்க ஒரு முறையை நெதர்லாந்தின் டி.என்.ஓ. ஆய்வு நிறுவனத்தில் டாம்மோ ஹவுட்காஸ்ட், ஹெர்மன் ஸ்டேனகென் இருவரும் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். மனிதப் பேச்சு ஏறி இறங்கும் ஒலி. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் பொருள் இருக்கிறது. எதிர்முழக்கமும் இரைச்சலும் பள்ளங்களை நிரப்பி அதைத் தட்டையாக்கிவிடுகின்றன. மைக்கில் நுழைந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு, கேட்பவர் நிற்கும் இடம்வரை பிழைத்து வந்தது என்பதை 7 சுரப்பட்டைகளிலும் 14 வேகங்களிலும் கணக்கிட்டு, சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண்ணாகத் தருவது அந்த முறை. இன்று அது ஐ.இ.சி. 60268-16 என்ற சர்வதேசத் தரமாக இருக்கிறது. 0.5க்குக் குறையக் கூடாது என்பது அவசர அறிவிப்புக்குப் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. கையடக்கக் கருவியும் ஒரு சோதனை ஒலியும் இருந்தால் ஒரு தளத்தைச் சில மணி நேரத்தில் அளந்துவிடலாம். டெண்டரில் இந்த ஓர் எண்ணைக் கேட்டாலே, நான்கு பெரிய ஹார்ன்களை மூலைக்கு ஒன்றாக மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் நின்றுபோகும். தெளிவுக்கு வழி அதற்கு நேர்மாறு: சிறிய ஸ்பீக்கர்கள், நிறைய, காதுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றும் மெதுவான ஒலியில்.

பெருகும்போது என்ன உடைகிறது

சிறிய கட்டடத்தின் கதை எளிது. ஒரு பேனல், ஓர் ஆம்ப்ளிஃபயர், நாலைந்து சர்க்யூட். சுவரில் ஒரு கை மைக். ஒவ்வொரு தளத்திலிருந்தும் ஒரு கேபிள் நேராகப் பேனலுக்கு வந்து சேரும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 100 வோல்ட்டில் ஒலி போகும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக்கொள்ளும். கம்பி நீண்டாலும் ஒலி குறையாமல் ஒரே கம்பியில் ஐம்பது ஸ்பீக்கர்களைத் தொங்கவிடுவது இதனால்தான் முடிகிறது.

இதையே நாற்பது மாடிக்குப் பெருக்கிப் பாருங்கள். தளத்துக்கு இரண்டு கேபிள் என்றாலும் எண்பது கேபிள்கள் ஒரே ஷாஃப்டில் இறங்கும். எல்லா ஆம்ப்ளிஃபயர்களும் ஒரே அறையில் அடுக்கியிருக்கும். அந்த ஷாஃப்டில் தீ ஏறினாலோ அந்த அறைக்கு ஆபத்து வந்தாலோ கட்டடம் முழுக்க ஊமையாகிவிடும். இது கற்பனைக் கவலையல்ல. 1993 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்தபோது அங்கிருந்த அவசரக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளே செயலிழந்தன. ஆயிரக்கணக்கானோர் எந்த அறிவிப்பும் இல்லாமல், புகை மண்டிய இருட்டுப் படிகளில் மணிக்கணக்கில் இறங்கினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அதே மையத்தின் வடக்குக் கோபுரத்தின் வரவேற்புத் தளத்திலிருந்து ஒருவர் வெளியேறச் சொல்லி அறிவித்தார். விமானம் மோதியதில் ஒலிபெருக்கி அமைப்பு சேதமாகியிருந்ததால் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை என்று விசாரணை ஆணையம் எழுதியது.

ஆகவே 'அளவுக்கேற்ப வளரும் அமைப்பு' என்றால் கூடுதல் ஸ்பீக்கர்களை ஏற்கும் அமைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பகுதி அறுந்தாலும் மற்றப் பகுதி தானாகப் பேச வேண்டும். இதற்குத் துறை கண்டுபிடித்த வழிகள் நேர்த்தியானவை. ஆம்ப்ளிஃபயர்களைச் சில தளங்களுக்கு ஒரு பேனல் என்று பிரித்து வைப்பார்கள். பேனல்களைக் கண்ணாடி இழைக் கேபிளால் வளையமாக இணைப்பார்கள். வளையம் ஓரிடத்தில் அறுந்தால் செய்தி எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்துவிடும். இரண்டு இடத்தில் அறுந்து ஒரு பேனல் தனித்து நின்றாலும், தன் பகுதிக்கான பதிவுசெய்த அறிவிப்பைத் தன் பேட்டரியிலேயே ஒலிக்கும். ஒரே தளத்தில் ஸ்பீக்கர்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு சர்க்யூட்களில் பிணைப்பார்கள். ஒன்று எரிந்தால் பாதி ஸ்பீக்கர்கள் பேசும், ஒலி குறையுமே தவிர தளம் ஊமையாகாது. ஓர் உபரி ஆம்ப்ளிஃபயர் எப்போதும் காத்திருக்கும், பழுதான ஒன்றின் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கம்பியின் கடைசியிலும் ஒரு சிறு மின்தடை இருக்கும், அல்லது கம்பியில் காதுக்கு எட்டாத ஒரு சுருதி ஓடிக்கொண்டிருக்கும். கம்பி எங்கே அறுந்தாலும் ஐரோப்பியத் தரப்படி 100 விநாடிக்குள் பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்தாக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் தோற்கும் இடம் பெரும்பாலும் மிகச் சின்ன இடம். அலுவலகங்களிலும் மால்களிலும் அறிவிப்பு வரும் ஸ்பீக்கரிலேயே பின்னணி இசையும் வரும். இசை தொல்லை என்று அந்தப் பகுதி ஊழியர்கள் சுவரில் உள்ள வால்யூம் குமிழை ஒரேயடியாகக் குறைத்துவிடுவார்கள். முறையான குமிழுக்குள் ஒரு ரிலே இருக்கும். அவசர அறிவிப்பு வரும்போது பேனலிலிருந்து 24 வோல்ட் வந்து அந்த ரிலேயைத் தட்டி, குமிழ் எங்கே இருந்தாலும் முழு ஒலியைத் திறந்துவிடும். அந்த ரிலேக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். செலவு மிச்சம் என்று அதை விட்டுவிட்டால் லட்சக்கணக்கில் செலவழித்த அமைப்பு அந்த அறையில் மௌனமாக இருக்கும். பேனலில் எந்த மஞ்சள் விளக்கும் எரியாது. இன்னொரு சின்ன இடம் பேட்டரி. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். ஏசி இல்லாத, சன்னல் இல்லாத நம் எலெக்ட்ரிகல் அறைகளில் அவை இரண்டே கோடையில் உப்பிப்போவதைப் பராமரிப்பாளர்கள் எல்லோரும் அறிவார்கள்.

இப்போது ஒலியைக் கணினி வலையமைப்பு வழியாகவே அனுப்பும் முறை பெருகிவருகிறது. வளாகம் விரியும்போது இது பெரிய வசதி, புதுக் கட்டடம் எழுந்தால் அதையும் அதே வலையில் சேர்த்துவிடலாம். அலுவலகக் கணினிகள் ஓடும் அதே சுவிட்சில் அவசரக் குரலையும் ஓடவிடுவதை மட்டும் ஏற்க முடியாது. மின்சாரம் போனால் அந்த சுவிட்ச் எத்தனை மணி நேரம் தாங்கும், யார் அதை அணைக்க முடியும் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லாத இடத்தில் தனி வலைதான் சரி. கைபேசிக்கு நேரே எச்சரிக்கை அனுப்பும் முறையையும் இந்திய அரசு 2023இல் நாடு முழுக்க ஒத்திகை பார்த்தது. நம் எல்லோர் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். புயலுக்கும் வெள்ளத்துக்கும் அது அருமையான கருவி. ஆனால் அதற்குத் தெருவும் வட்டாரமும் தெரியும், ஒன்பதாவது மாடியும் பத்தாவது மாடியும் தெரியாது.

யாருக்கு, எப்போது, எந்த மொழியில்

உயரமான கட்டடத்தில் எல்லோரையும் ஒரே நேரத்தில் இறக்க முடியாது, படிக்கட்டு தாங்காது. தீ உள்ள தளத்தையும் அதை அடுத்த தளங்களையும் முதலில் இறக்கி, மற்றவர்களைத் தயாராக இருக்கச் சொல்லிப் பிறகு அலை அலையாக அழைப்பது வழக்கம். ஒரே நொடியில் வெவ்வேறு தளங்களுக்கு வெவ்வேறு செய்தி போக வேண்டும் என்பதால்தான் குரல் அமைப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. மணியால் இது இயலாது.

இந்தத் திறனோடு ஒரு பயங்கரமும் வருகிறது: தவறான செய்தியும் அதே தெளிவோடு போய்ச் சேரும். செப்டம்பர் 11 அன்று வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியபின், தெற்குக் கோபுரத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. சம்பவம் பக்கத்துக் கட்டடத்தில்தான், இந்தக் கட்டடம் பாதுகாப்பானது, அலுவலகத்திலேயே இருக்கலாம், திரும்பலாம் என்பது அதன் சாரம். இறங்கிக்கொண்டிருந்த சிலர் திரும்பி ஏறினார்கள். 9:02 மணிக்கு, தேவைப்பட்டால் வெளியேறலாம் என்ற வேறொரு அறிவிப்பு. 9:03க்கு இரண்டாவது விமானம். அறிவிப்பாளரைக் குற்றவாளியாக்கி நாம் எதையும் கற்கப்போவதில்லை. இன்னொரு விமானம் வரும் என்று அந்த நிமிடத்தில் அங்கிருந்த யாருக்கும் தெரியாது. கற்க வேண்டியது வேறு. மைக் முன்னால் இருப்பவருக்குத் தகவல் வந்து சேர வழி இல்லாவிட்டால், அவர் குரலின் வலிமையே மற்றவர்களுக்கு ஆபத்தாகிவிடும்.

மொழி விஷயத்தில் இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 நல்ல காரியம் ஒன்றைச் செய்திருக்கிறது. குரல்வழி வெளியேற்ற அமைப்பில் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி மூன்றிலும் பதிவுசெய்த செய்திகள் இருக்க வேண்டும், அவை தீ அறிவிப்பு அமைப்போடு இணைந்திருக்க வேண்டும் என்கிறது. ஒரு செய்திக்குப் பத்து விநாடி என்றாலும் மூன்று மொழிக்கு அரை நிமிடம் ஆகும். எது முதலில் வருகிறது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. சென்னையின் ஒரு ஜவுளிக் கடையில் தமிழ் முதலில் வர வேண்டும். ஒரகடத்தில் வடமாநிலத் தொழிலாளர் நிறைந்த தொழிற்கூடத்தில் இந்தி முதலில் வருவதே நியாயம். கட்டடத்தில் உள்ளவர்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது இது.

தமிழில் செய்தி எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'லிஃப்ட்டைப் பயன்படுத்தாதீர்கள்' என்ற வாக்கியத்தில் மறுப்பு முழுவதும் கடைசிச் சொல்லின் வாலில் இருக்கிறது. எதிர்முழக்கத்தில் முதலில் கரைவது வால்தான். மிஞ்சுவது லிஃப்ட், பயன்படுத்து. 'படிக்கட்டில் இறங்குங்கள். லிஃப்ட் வேண்டாம்' என்று உடன்பாட்டை முன்னால் வைத்து, மறுப்பைத் தனிச் சொல்லாக நிறுத்திச் சொன்னால் பாதி கரைந்தாலும் பொருள் திரியாது. எழுத்துத் தமிழில் நீட்டி முழக்கும் அறிவிப்புகளை அலுவலக ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து எழுதிப் பதிவுசெய்கிறார்கள். ஒருவரும் அவற்றை அந்தக் கூடத்தில் நின்று கேட்டுப் பார்ப்பதில்லை.

கேட்கும் பாதி

2017 ஜூன் 14 அதிகாலை, லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம். ஒரு வீட்டில் தொடங்கிய தீ வெளிச்சுவர் உறையைப் பற்றிக்கொண்டு 24 மாடிக் கட்டடத்தைச் சூழ்ந்தது. 72 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்பது அங்கே நிலையான அறிவுரை. அதைக் கைவிடும் முடிவு 2:47 மணிக்குத்தான் எடுக்கப்பட்டது. முடிவை எடுத்தபின்பும் அதை எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரு வழியும் இல்லை.

எனக்கு மனம் ஆறாத பகுதி இதற்கு மறுபக்கம். உள்ளே இருந்தவர்கள் பேசினார்கள், இடைவிடாமல். அவசர எண்ணுக்கு அழைத்து, எந்த மாடி, எத்தனை பேர், புகை எங்கே வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது பல மைல் தொலைவில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்குப் போனது. அங்கிருந்து சம்பவ இடத்துக்கு ரேடியோவிலும் போனிலும் வந்தது. வாசலில் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள், சுவரிலும் எழுதி வைத்தார்கள். உள்ளே இருந்தவரின் குரலுக்கும் படியேறும் தீயணைப்பு வீரரின் காதுக்கும் நடுவில் இத்தனை கைகள். அதற்குப் பிறகு பிரிட்டனில் பி.எஸ். 8629 என்ற தரம் 2019இல் வந்தது. தீயணைப்பாளர் கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஒரு பேனலிலிருந்து எந்தத் தளத்தையும் வெளியேற்ற ஒலி எழுப்ப அது வகைசெய்கிறது. தேவையான படிதான். ஆனால் அதுவும் பேசும் பாதியையே சரிசெய்கிறது.

கேட்கும் பாதிக்கும் ஒரு தொழில்நுட்பம் உண்டு, புதிதும் அல்ல. பிரிட்டனில் அதற்கு பி.எஸ். 5839இன் 9ஆம் பகுதி என்ற தரமே இருக்கிறது. படிக்கட்டை ஒட்டிய பாதுகாப்பான இடத்தில், சக்கர நாற்காலியில் இருப்பவரோ மூச்சிரைத்து நின்றவரோ காத்திருக்கும் இடத்தில், சுவரில் ஒரு பெட்டி. ஒரே ஒரு பொத்தான். ரிசீவரை எடுக்க வேண்டியதில்லை. அழுத்தியதும் பெட்டியில் விளக்கு எரிந்து, அழைப்பு போகிறது என்று காட்டும். கீழே கட்டுப்பாட்டு அறையில் எந்தத் தளம் என்று பேனலில் மின்னும். அங்கிருப்பவர் எடுத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். இதன் இன்னொரு வடிவம் தீயணைப்பு வீரர்களுக்கானது. ஒவ்வொரு தளத்திலும் பூட்டிய பெட்டிக்குள் ஒரு ரிசீவர், எடுத்த உடனே கீழே மணி அடிக்கும். இரைச்சல் 40 டெசிபெல்லைத் தாண்டும் இடத்தில் ரிசீவர் உள்ள வகைதான் வேண்டும் என்கிறது அந்தத் தரம்.

அந்தத் தரத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த வரி ஒன்று உண்டு. மின்சாரம் போய் 24 மணி நேரம் ஆனபின்பும் அறிவிப்பு அமைப்பு அரை மணி நேரம் பேசினால் போதும் என்கிறது குரல் அறிவிப்புக்கான பகுதி. இருவழிப் பேச்சுக்கான பகுதியோ மூன்று மணி நேரம் கேட்கிறது. எழுதியவர்கள் நடப்பை அறிந்தவர்கள். 'வெளியேறுங்கள்' என்பது சீக்கிரம் முடிந்துவிடும் பேச்சு. வெளியேற முடியாதவரின் பேச்சு மீட்பு முடியும்வரை நீளும்.

பெருக்குவதிலும் இரண்டும் வேறுவேறு. ஒரு குரலை ஆயிரம் ஸ்பீக்கருக்குப் பிரிப்பது பொறியாளருக்குப் பழகிய வேலை. ஆயிரம் இடங்களிலிருந்து வரும் குரல்களை ஒரு மேசையில் இரண்டு காதுகள் கேட்க முடியாது. சிறிய கட்டடத்தில் பெட்டிக்கு ஒரு கம்பி என்று நட்சத்திர வடிவில் இழுத்துவிடலாம். பெரிய வளாகத்தில் எண்ணிட்ட பெட்டிகள் ஒரே வளையத்தில் இணைந்து, பல கட்டுப்பாட்டு மேசைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அழைப்புகள் வரிசையில் நிற்க வேண்டும். காத்திருப்பவருக்கு 'உங்கள் அழைப்பு வந்தது, 12ஆம் மாடி என்று தெரியும்' என்ற பதிலாவது உடனே போக வேண்டும். தொழில்நுட்பத்தில் இது எதுவும் கஷ்டமில்லை. மேசையில் உட்கார ஆள் வைப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அது மாதாமாதம் சம்பளம்.

மருத்துவமனைகளில் இந்தப் பாதி இல்லாமல் முதல் பாதிக்கே பொருளில்லை. 2011 டிசம்பர் 9 அதிகாலை கொல்கத்தா தாக்குரியாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் தொடங்கிய தீயின் புகை மேல் தளங்களில் படுத்திருந்த நோயாளிகளைக் கொன்றது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏற்பட்ட தீயில் ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்ட்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத் தீயணைப்பு வீரர்கள் வெளியே எடுத்தார்கள். ஐ.சி.யு.வில் இருப்பவரிடம் 'படிக்கட்டில் இறங்குங்கள்' என்று மூன்று மொழியில் சொல்லி என்ன பயன்? அங்கே அறிவிப்பு செவிலியருக்குப் போக வேண்டும். எந்த வார்டில் எத்தனை பேரைத் தூக்க வேண்டும், ஆக்சிஜன் எத்தனை பேருக்கு என்ற பதில் செவிலியரிடமிருந்து வர வேண்டும். லிஃப்ட்டுக்குள் மாட்டியவர் குரலும் அதே மேசைக்கு வர வேண்டும், லிஃப்ட் கம்பெனியின் சேவை எண்ணுக்கு அல்ல.

விதியும் நடைமுறையும்

சிங்கப்பூரில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. கட்டடங்களில் அவசரக் குரல்தொடர்புக்கென்றே எஸ்.எஸ். 546 என்ற செயல்முறைத் தரத்தை 2009இல் வெளியிட்டார்கள். ஒருவழி அறிவிப்பும் தீயணைப்பு வீரர்களுக்கான இருவழிப் பேச்சும் அதில் ஒரே அமைப்பின் இரு பாதிகள். இரண்டும் தீக் கட்டளை மையத்தில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஒன்றை வாங்கி மற்றதை விட்டுவிட அங்கே இடைவெளி குறைவு.

இந்தியாவில் விதித்தொகுப்பு குரல் அறிவிப்பையும் பேசி பதில் பெறும் வசதியையும் உயரமான கட்டடங்களில் அடைக்கலப் பகுதியையும் குறிப்பிடுகிறது. ஆனால் அத்தொகுப்பு வழிகாட்டிதான், மாநில விதி எடுத்துக்கொண்டால்தான் கட்டாயம். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் எழுந்தால் உயர்மாடிக் கட்டடம். அதற்குக் கீழே உள்ள மண்டபம், நர்சிங் ஹோம், மூன்று மாடி விடுதி, கோச்சிங் சென்டர் ஆகியவற்றில் குரல் அமைப்பு என்பது கிரகப்பிரவேசத்துக்கு வாடகைக்கு வரும் மைக்செட் மட்டும்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உள்ளே நுழையச் சாய்தளம் கேட்பது போலவே, ஆபத்தில் மேலே காத்திருப்பவரின் குரல் கீழே வர ஒரு கம்பி கேட்கவும் அந்தத் தீர்ப்பில் இடமிருக்கிறது என்பது என் வாசிப்பு. மாநில விதிகளை எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

பழைய கட்டடங்களுக்கு எல்லாம் ஒரே நாளில் ஆகாது. எங்கே தொடங்குவது என்று கேட்டால், வழக்கமாகச் சொல்லும் வரிசையைத் தலைகீழாக்குவேன். ஸ்பீக்கர்களுக்கு முன்பு, ஒவ்வொரு தளத்துப் படிக்கட்டிலும் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு நேர்ப் பேச்சுப் பெட்டி, தீ தாங்கும் கேபிளில். ஐந்து மாடிக் கட்டடத்துக்கு ஐந்தாறு பெட்டியும் ஒரு மேசைக் கருவியும் போதும். அடுத்து, இருக்கும் ஒலிபெருக்கியைத் தளவாரியாகப் பிரித்து, இசையை நிறுத்தி அறிவிப்புக்கு வழிவிடும் ரிலே. அதன் பிறகு பதிவுசெய்த செய்திகள், அந்தந்தக் கூடத்தில் நின்று அளந்த தெளிவு எண்ணோடு. வாங்கும்போதே, பின்னாளில் மாடி கூடினாலும் பக்கத்து பிளாக் எழுந்தாலும் அதே பேனலோடு இணைக்க முடியுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒத்திகையையும் மாற்ற வேண்டும். இப்போது நடப்பது மணி அடிப்பது, எல்லோரும் இறங்கி வாசலில் வரிசையாக நிற்பது, தலை எண்ணுவது, போட்டோ எடுப்பது. இனி ஒருவரை உயரமான தளத்தின் அடைக்கலப் பகுதியில் உட்கார வைக்க வேண்டும். இரவு ஷிஃப்டில், கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லாமல், அவர் பொத்தானை அழுத்தட்டும். பதில் வர எத்தனை விநாடி ஆயிற்று, பதில் சொன்னவருக்கு அவர் எந்த மாடியில் இருக்கிறார் என்று தெரிந்ததா, இருவருக்கும் பொதுவான மொழி இருந்ததா என்று குறித்துக்கொள்ளட்டும். அந்த விநாடிக் கணக்கைத் தேதியோடு, லிஃப்ட் உரிமம் மாட்டியிருக்கும் அதே சுவரில், உள்ளே நுழைகிறவர் எல்லோரும் படிக்கும்படி மாட்ட வேண்டும்.